மத்தியான அரைமணி

ஒரு மணி அடித்ததும் டிபன் காரியரைத் திறந்து, பத்து நிமிஷத்தில் தயிர்சாதத்தை முடித்துக்கொண்டு, பென்சிலும் காகிதமுமாக ஆபீஸ் வராந்தாவுக்கு வந்துவிடும் நாலைந்து சிநேகிதர்களைப் பற்றி இந்த வாரம் எழுத விரும்புகிறோம். ஒருவர் எதிரேயுள்ள கட்டடத்தை வரைகிறார். இன்னொருவர் செல்போனில் அதையே படம் பிடிக்கிறார். மூன்றாமவர் இரண்டையும் பார்த்துவிட்டுக் குறை சொல்கிறார். நாற்காலிக்குத் திரும்புமுன் ஒருவர் செய்ததை எல்லோரும் பார்த்துவிடுகிறார்கள். விஷயம் இவ்வளவுதான். இதற்கு ஒரு தலையங்கமா என்று வாசகர்கள் கேட்கலாம். அவசியம் வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

அந்த அரைமணி சும்மா கிடைத்ததல்ல. 1918-ஆம் ஆண்டு ஏப்ரலில் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது, பக்கிங்ஹாம், கர்னாடிக் ஆலைத் தொழிலாளர்கள் சொன்ன குறைகளில் முக்கியமான ஒன்று, பகல் சாப்பாட்டுக்குக் கொடுக்கும் நேரம் போதவில்லை என்பது. செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் தேடிப் போய் அழைத்த பி. பி. வாடியா சங்கத்தின் தலைவரானார். கூலி குறைவு, அதட்டல் உருட்டல் எல்லாம் இருந்தனதாம். ஆனாலும் சோற்றை அள்ளி விழுங்கிவிட்டு ஓடவேண்டியிருக்கிறதே என்ற வேதனை தனி. பிறகு சட்டங்கள் வந்தன. 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டம், நான்கு மணி நேர வேலைக்குப் பின் ஒரு மணி நேர ஓய்வு வேண்டும் என்றது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சாக வேலை வாங்கக்கூடாது, இடையில் குறைந்தது அரைமணியாவது ஓய்வு தரவேண்டும் என்றது. பெரம்பூர் ஆலை மூடி ஆண்டுகள் பலவாகிவிட்டன. அங்கே கேட்ட கேள்வி மட்டும் மிச்சமிருக்கிறது.

இப்படிப் பெற்ற நேரத்தை நாம் இன்று என்ன செய்கிறோம்? கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடியே ஒரு கையால் சாப்பிட்டு, மறு கையால் மேலதிகாரியின் வாட்ஸ்அப்புக்குப் பதில் போடுகிறோம். அதிகாரி விட்டுவைத்த மிச்சத்தைச் செல்போன் தின்றுவிடுகிறது. ஒரே மேஜையைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்; ஐந்து பேரும் ஐந்து வேறு ஊர்களில் இருக்கிறார்கள்.

படம் வரைகிறவரால் அப்படி இருக்க முடியாது. எதிரே இருப்பதைப் பார்த்தே ஆகவேண்டும். பாரிமுனைப் பக்கம் உத்தியோகம் பார்க்கிறவர்களுக்குப் பார்ப்பதற்கும் பஞ்சமில்லை. 1892-இல் கட்டி முடித்த ஹைகோர்ட்டு இருக்கிறது. அதன் உச்சிக் கோபுரத்தில் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கு எரிந்தது. ஆர்மீனியன் தெருவில் 1772-ஆம் ஆண்டு மாதா கோயில். ராஜாஜி சாலையில் 1884-ஆம் ஆண்டுப் பெரிய தபாலாபீஸ். இவற்றுக்கு முன்னால் இருபது வருஷமாகப் பஸ் ஏறி இறங்கியவரை நிறுத்தி, தபாலாபீஸின் கூரை எப்படி இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள், விழிப்பார். ஒரே ஒரு நாள் அதை வரைந்தவர், கோணல்மாணலாக வரைந்திருந்தாலும், விழிக்கமாட்டார்.

மத்தியான வெயில் படத்துக்கு ஆகாது என்பார்கள். உண்மைதான். சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்டு நடுவிலும் சூரியன் நேர் உச்சிக்கே வந்துவிடுகிறது. நிழல் காலடியில் சுருண்டுகொள்ளும். முகத்தைப் படம் பிடித்தால் கண்குழி இரண்டும் கறுத்துப்போகும். செல்போன்காரர் சலித்துக்கொள்வார். பென்சில்காரருக்கோ அதே வெயில் அனுகூலம். வராந்தாவின் உட்புறம் கரியாக இருண்டு, தூண்கள் வெள்ளையாக முன்னால் வந்து நிற்கும். கண்ணைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டால் கட்டடம் வெளிச்சம், இருட்டு என்று இரண்டே துண்டாகப் பிரிந்துவிடும். பக்கத்திலிருந்து இதைக் கவனிக்கிற செல்போன்காரர், நாலு நாளில், முகத்தை வெயிலில் எடுக்காமல் வராந்தாவுக்குள் தள்ளி, தரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் எடுக்கத் தொடங்குவார். பதிலுக்கு, சட்டத்துக்குள் எதை வைப்பது, எதை விடுவது என்பதைப் பென்சில்காரர் அவரிடம் கற்றுக்கொள்வார். தனியாகச் செய்தால் இரண்டு பேருக்கும் வருஷக்கணக்காகும்.

தனியாகச் செய்தவர்களும் உண்டு. இங்கிலாந்தில் மாஞ்செஸ்டரில் எல். எஸ். லோரி என்ற ஓவியர் 1952 வரை வாடகை வசூலிக்கும் குமாஸ்தாவாக இருந்தார். வசூலுக்குப் போகும் வழியிலேயே பையிலிருக்கும் உறைகளின் பின்புறத்தில் வரைந்துகொள்வார். பெரிய புகழ் வந்த பிறகும் அந்த உத்தியோகத்தை வெளியே சொல்லிக்கொள்ளவில்லை. அவர் மேதை, நமக்கு அவர் உதாரணம் ஆகமாட்டார்.

நமக்கு உதவக்கூடியவர்கள் அதே நாட்டின் ஆஷிங்டன் ஊர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள். 1934-இல் ஓவியத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு மாலை வகுப்புக் கேட்டார்கள். ராபர்ட் லயன் என்ற ஓவிய ஆசிரியர் வந்து, இத்தாலியப் பெரிய ஓவியர்களின் சித்திரங்களைத் திரையில் காட்டினார். ஒன்றும் ஒட்டவில்லை. நீங்களே செய்து பாருங்கள் என்றார் ஆசிரியர். அதிலிருந்து வாரா வாரம் ஒவ்வொருவரும் வீட்டில் வரைந்ததைக் கொண்டுவந்து மாட்டுவார்கள். கூட வேலை செய்கிறவர்களே அதைப் பார்த்துப் பேசுவார்கள். தாங்கள் அறிந்த சுரங்கத்தையும், வீட்டையும், தோட்டத்தையும், நாயையும் வரைந்தார்கள். 1936-இல் நியூகாஸிலில் கண்காட்சியே நடந்தது. வேடிக்கை என்னவென்றால், பெயர் வந்த பிறகும் அவர்கள் சுரங்கத்தை விடவில்லை. கூட்டமும் சுமார் ஐம்பது வருஷம் கலையவில்லை. அவர்கள் வரைந்தது மத்தியானத்தில் அல்ல, வேலைக்குப் பிறகுதான். ஆனால் தாழ்வான சுரங்கத்தில் குனிந்து முட்டுக்கட்டை நிறுத்துகிற ஆளின் முதுகு எப்படி வளையும் என்பது கூட நின்று முட்டுக்கட்டை பிடித்தவனுக்குத்தானே தெரியும்? படத்தில் அந்த முதுகு தப்பாக இருந்தால் சொல்வதற்கும் அவன்தான் வேண்டும். சக ஊழியர்கள் சேர்ந்து வரைவதில் உள்ள லாபம் இதுவே.

நம் ஆபீஸ்களில் இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. கட்டடம் அலுத்ததும் ஆட்கள் ஒருவரையொருவர் வரைவார்கள். பியூன் வரைய, சூபரின்டெண்டு அசையாமல் பத்து நிமிஷம் உட்காரவேண்டிவரும். மேலே பார், கீழே பார் என்று உத்தரவிடுகிறவர் அந்தப் பத்து நிமிஷத்துக்குப் பியூன்தான். இது நடக்கிற ஆபீஸில் மணியடித்த பிறகு குரல்கள் கொஞ்சம் மாறும் என்று நம்புகிறோம். இங்கே செல்போன்காரருக்கு ஒரு வார்த்தை. சித்திரம் வரைய எதிராளியின் சம்மதமும் பொறுமையும் வேண்டும். படத்தை ஒரு நொடியில் கேட்காமலே எடுத்துவிடலாம். பெருக்குகிற அம்மாள் களைத்து ஓரமாகச் சாய்ந்திருக்கும்போது எடுப்பது கலை அல்ல. கேட்டுவிட்டு எடுங்கள், எடுத்ததை முதலில் அவரிடம் காட்டுங்கள்.

நிர்வாகத்தாருக்கும் ஒன்று சொல்லவேண்டும். இப்படி ஒரு கூட்டம் இருப்பது காதில் விழுந்ததும், போட்டி வைக்கலாம், பரிசு கொடுக்கலாம், கம்பெனிக் காலண்டரில் போடலாம் என்று யோசனை பிறக்கும். நல்லெண்ணந்தான். ஆனால் பரிசு வந்த அன்றே ஜட்ஜுக்குப் பிடித்த படம் எது என்ற விசாரம் வந்துவிடும். காலண்டர் வந்த அன்றே அரைமணி மறுபடியும் கம்பெனிக் கணக்கில் ஏறிவிடும். இரண்டு பெஞ்சு, ஒரு மின்விசிறி, மாட்டிப் பார்க்க ஒரு வெறும் சுவர் கொடுத்துவிட்டு, ஒன்றரை மணி வரை அந்தப் பக்கம் வராமல் இருப்பதே அவர்கள் செய்யக்கூடிய பெரிய உபகாரம். மேலதிகாரிகள் வரக்கூடாதா என்றால், வரலாம், பென்சிலோடு.

படிக்காத கைக்குச் சித்திரம் எப்படி வரும் என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு சமாசாரம். 1850-இல் சென்னையில் ஓவியப் பள்ளியைத் தொடங்கிய அலெக்சாண்டர் ஹண்டர் தொழிலால் வைத்தியர். செலவும் பெரிதல்ல. ஒரு பென்சில், ஒரு பக்கம் அச்சான பழைய காகிதக் கட்டு, சட்டைப் பையில் ஏற்கெனவே இருக்கும் செல்போன்.

எல்லோரும் வரலாம் என்று எழுதுவது சுலபம். வாசலில் நிற்கிற காவலாளிக்கு எத்தனை கட்டடங்களில் இடைவேளை இருக்கிறது? பல இடங்களில் அவர் நின்றபடியே பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடுவதைப் பார்க்கிறோம். எதிரேயுள்ள கட்டடத்தை நாள் முழுக்கப் பார்க்கிறவரும், யார் எப்படி நடப்பார் என்பதை அறிந்தவரும் அவர்தான். ஒரு மணியிலிருந்து ஒன்றரை வரை அங்கே ஒரு மாற்றாளை நிறுத்தும்படி அந்த நாலைந்து சிநேகிதர்கள் நிர்வாகத்திடம் எழுதிக் கேட்கட்டும். பெஞ்சு, மின்விசிறி எல்லாம் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.