கல்லறைச் சுவருக்கு என்ன மதம்?

"இந்த நேரத்தில் இதைப் பேசத்தான் வேண்டுமா?" திருச்சபைக்குள் இருக்கும் சாதியைப் பற்றி வாய் திறந்தாலே நான் எதிர்கொள்ளும் முதல் கேள்வி இது. கேட்பவர்கள் ஆயர் இல்லத்துப் பெரியவர்கள் மட்டுமல்ல, முற்போக்குத் தோழர்களும்தான். வடக்கே தேவாலயங்கள் தாக்கப்படுகின்றன, மாநிலத்துக்கு மாநிலம் மதமாற்றத் தடைச் சட்டம் வருகிறது, இப்போது போய் நாமே பேசினால் வெறும் வாயை மெல்லும் சங்கிகளுக்கு அவல் கொடுத்தது போல ஆகாதா என்கிறார்கள்.

தாக்குதல்கள் உண்மை. நானும் ஞாயிறு தவறாமல் திருப்பலிக்குப் போகிற கத்தோலிக்கன்தான். ஆனால் மூடி மறைத்து நாம் யாரைக் காப்பாற்றினோம்?

1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர் என்றது. 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர்களும் தலித் இசுலாமியர்களும் இன்றும் வெளியேதான். சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த ஒரு கிறிஸ்தவத் தொழிலாளி இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985-இல் வந்த தீர்ப்பு அவரைக் கைவிட்டது. மதம் மாறிய பிறகும் அதே இழிவு அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றது நீதிமன்றம்.

தோழர்களே, அந்த ஆதாரத்தைத்தான் நாம் மூடி வைத்திருக்கிறோம்.

ஆதாரத்துக்கா பஞ்சம்? திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்த பிறகும் தலித்துகளைப் பிரித்து வைக்க ஒரு சுவர் எழுப்பினார்கள். 2008-இல் உத்தப்புரம் சுவரின் ஒரு பகுதி இடிந்தபோது கைதட்டியவர்களில் எத்தனை பேர் இந்தச் சுவரைப் பற்றிப் பேசினார்கள்? அதே ஆண்டு மார்ச்சில் விழுப்புரம் மாவட்டம் எறையூரில், தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று தலித் கத்தோலிக்கர்கள் கேட்டார்கள். மோதல் வெடித்தது, போலீஸ் சுட்டதில் இருவர் செத்தார்கள். அடித்தவர்களும் அடிபட்டவர்களும் கும்பிடுவது ஒரே மாதாவைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை நாளிதழில் மணமக்கள் தேவை விளம்பரத்தைப் பாருங்கள். ஆர்.சி., சி.எஸ்.ஐ. என்று போட்டு, பக்கத்திலேயே சாதிப் பெயரையும் போடுகிறார்கள். ஞானஸ்நானத் தண்ணீர் எல்லாப் பாவத்தையும் கழுவுமாம், சாதியை மட்டும் நனைக்கக்கூட இல்லை.

திருச்சபைத் தலைமைக்கு இதில் இரண்டு நாக்கு. டெல்லியில் பட்டியல் சாதி உரிமை கேட்டு ஆகஸ்ட் 10-ஐக் கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கும்போது "எங்களுக்குள்ளும் சாதி இருக்கிறது" என்கிறது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-இல் வெளியிட்ட தலித் கொள்கை ஆவணமே தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொள்கிறது. சொந்தப் பங்கில் நாங்கள் கேட்டால், "கிறிஸ்துவுக்குள் சாதி ஏதப்பா?" என்று பதில் வருகிறது. ஒன்றிய அரசும் அதையேதான் சொல்கிறது. 2022-இல் உச்ச நீதிமன்றத்தில் அது தாக்கல் செய்த பதில், கிறிஸ்தவத்திலும் இசுலாத்திலும் தீண்டாமை இல்லை என்ற வாதத்தில்தான் நிற்கிறது. சங்கிகளுக்கு அவல் கொடுப்பது யார்? பேசுகிற நாங்களா, மறைக்கிற நீங்களா?

அரசிடம் கேட்கிற உரிமையைச் சொந்த வீட்டில் கொடுத்தார்களா என்றால் அதுவும் இல்லை. அரசியல் சட்டத்தின் 15(5) பிரிவு சிறுபான்மைக் கல்வி நிறுவனங்களுக்கு மாணவர் சேர்க்கை இடஒதுக்கீட்டிலிருந்து விலக்கு அளிக்கிறது. சிறுபான்மை உரிமை வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த உரிமை யார் பெயரால் கிடைத்தது? தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களில் பெரும்பங்கு தலித்துகள். தலையெண்ணிக்கைக்கு நாங்கள் வேண்டும், நிர்வாக நாற்காலிக்கு மட்டும் வேண்டாமா?

"வீட்டு விஷயத்தை வெளியே பேசாதே" என்பவர்கள் விவிலியத்தைத் திறந்து பார்க்கட்டும். அந்தியோக்கியாவில் பிற இனத்தாரோடு ஒரே பந்தியில் உண்டுகொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆள் வந்ததும் பயந்து எழுந்து விலகினார். பவுல் அவரைத் தனியே அழைத்துக் காதில் சொல்லவில்லை, எல்லார் முன்னிலையிலும் முகத்துக்கு நேரே கண்டித்தார். அன்றும் திருச்சபை சிறுபான்மைதான், அன்றும் வெளியே துன்புறுத்தல் இருந்தது. முதல் திருத்தந்தையையே பந்திப் பாகுபாட்டுக்காகக் கண்டிக்கலாம் என்றால், இந்த ஆயர்கள் எம்மாத்திரம்?

முடியாத காரியமும் அல்ல. வடக்கன்குளம் கோவிலில் சாதிக்கொரு பக்கமாக மக்களைப் பிரித்து வைத்திருந்த சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது. ஆதிக்க சாதிக் கத்தோலிக்கர்கள் வழக்குப் போட்டுத் தோற்றார்கள். நூறு ஆண்டுக்கு முன் முடிந்தது இன்று ஏன் முடியாது?

கேட்பது இவ்வளவுதான். எல்லா ஊரிலும் ஒரே கல்லறைத் தோட்டம் இருக்கட்டும். திருவிழாத் தேர் சேரித் தெருவுக்கும் வரட்டும். ஆயர்கள், குருக்கள், கல்லூரி முதல்வர்கள், ஆசிரியர்கள் ஆகியோரில் தலித்துகள் எத்தனை பேர் என்று ஒவ்வொரு மறைமாவட்டமும் கணக்கு வெளியிடட்டும். அதுவரை டெல்லியில் பிடிக்கிற கறுப்புக் கொடியை ஆயர் இல்லத்து வாசலிலும் பிடிப்போம்.