பால்கனியில் ஆர்க்கிட்

மும்பையின் மாட்டுங்கா, செம்பூர் போன்ற பகுதிகளில் பால்கனியில் ஆர்க்கிட் வளர்க்க முற்படுவோர் பலர், முதல் மழைக்காலம் முடிவதற்குள் செடியை அழுகக் கொடுத்துவிட்டு, இது நமக்கு ஒவ்வாத செடி என்று முடிவு கட்டுகின்றனர். குற்றம் செடியினுடையதன்று, தொட்டியிலிட்ட மண்ணினுடையது.

வெப்பமண்டல ஆர்க்கிட்டுகளுள் மிகப் பல மரக்கிளைகளைப் பற்றி வாழ்பவை. புல்லுருவியைப்போல் இவை மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. தங்க இடம் மட்டுமே கொள்கின்றன. வேரைச் சூழ்ந்துள்ள, வெலமன் எனப்படும் பஞ்சு போன்ற உறை மழைநீரை விரைவில் ஏற்றுப் பின் காற்றில் உலரும். மண்ணில் புதைந்த வேருக்கு உலர வழி ஏது? மரக்கரியும் ஓட்டுத் துண்டுகளும் இட்ட துளைத்தொட்டியோ, வெறும் மரக்கட்டையோ போதும். காலை இளவெயிலும் காற்றோட்டமும் வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை, சாரல் படும் இடத்தில், நீர் ஊற்றும் வேலை பெரும்பாலும் இல்லை. அன்பு மிகுந்து நாள்தோறும் ஊற்றுவோரே மிகுதியான செடிகளைக் கொல்கின்றனர்.

குளிர்ந்த இரவுகளை நாடும் பெரும்பூச் சிம்பிடியத்தை மும்பையில் பூக்கவைக்க முயல்வது வீண். மேற்குத் தொடர்ச்சி மலையில் இயல்பாக வளரும் ரிங்கோஸ்டைலிஸ் ரெடூசா என்னும் நரிவால் ஆர்க்கிட்டுக்கோ இந்நகரின் வெப்பமும் ஈரமும் புதியனவல்ல. அஸ்ஸாமின் மாநில மலரும், பிஹு ஆடும் மகளிர் கூந்தலில் சூடும் மலரும் இதுவே.

ஆனால் அச்செடி எங்கிருந்து வந்தது என்று கேட்பார் சிலரே. தூசியனைய ஆர்க்கிட் விதையில் உணவுச் சேமிப்பு மிகச் சொற்பம். காட்டில் தகுந்த பூஞ்சையின் துணையின்றி அது வளராது. வளர்ந்து பூக்கவும் பல்லாண்டு செல்லும். ஆதலால் கிளையிலிருந்து பெயர்த்த செடியின் இடம் எளிதில் நிரம்புவதில்லை. பூஞ்சையின்றியே, சர்க்கரை கலந்த ஊடகத்தில் விதையை முளைப்பிக்கலாம் என 1922ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி லூயிஸ் நட்சன் காட்டிவிட்டார். இன்று பரிசோதனைச்சாலை நாற்றுகள் விற்பனைக்குக் கிடைக்கையில், காட்டுச் செடியை வாங்குவதற்கு நியாயம் இல்லை.

நாடுகளுக்கிடையேயான ஆர்க்கிட் வணிகத்தை, 1975இல் நடைமுறைக்கு வந்த சைட்டிஸ் உடன்படிக்கை கட்டுப்படுத்துகிறது. மலைக்காட்டிலிருந்து நகரத் தெருவுக்கு வரும் செடியோ நாட்டின் எல்லையைக் கடப்பதில்லை. அங்கே வாங்குவோரின் கண்ணே காவல். வேர்கள் முறிந்து, மரப்பட்டைச் சிம்பு ஒட்டியிருக்கும் செடியை ஐயுறவேண்டும். நாற்று எந்தப் பண்ணையில் வளர்ந்தது என்பதை விற்பவர் சொல்லாவிடில், வாங்காது திரும்புவதே முறை.