நடு எண் காப்பாற்றாது

அமெரிக்காவில் பி.இ. என்றால் நம் ஊர்ப் பட்டம் அல்ல; பொறியாளராக வரைபடத்தில் முத்திரை குத்தும் உரிமம். அதற்கான சிவில் தேர்வுக்குத் தயாராகிறவர்களிடம் ஒரு வேதவாக்கு உலவுகிறது: “கான்கிரீட்டா? மேனிங் கெழு 0.013 போடு. அட்டவணையில் மூன்று எண் இருந்தால் நடுவில் உள்ளதை எடு. தப்பே வராது.”

வரும்.

மேனிங் கெழு என்பது கால்வாய்ப் பரப்பின் சொரசொரப்பைக் குறிக்கும் எண்; அது கூடினால் கணக்கில் நீரோட்டம் குறையும். வென் டே சோ 1959-ல் வெளியிட்ட திறந்த கால்வாய் நீரியல் நூலின் அட்டவணையை இன்றும் பாடநூல்கள் எடுத்தாள்கின்றன. கரண்டியால் வழவழவென்று இழைத்த கான்கிரீட் கால்வாய்க்கு அதில் குறைந்தபட்சம் 0.011, இயல்பு 0.013, அதிகபட்சம் 0.015. மணியாஸ் கட்டையால் தேய்த்துவிட்டதென்றால் 0.013, 0.015, 0.016. அதே கான்கிரீட்தான்; கொத்தனார் கையில் இருந்த கருவி மாறியதும் எண்ணும் மாறிவிட்டது.

போட்டுப் பார்ப்போம். 10 அடி அகலச் செவ்வகக் கால்வாய், 4 அடி ஆழத் தண்ணீர், ஆயிரத்துக்கு ஒன்று சரிவு. 0.013 வைத்தால் நொடிக்கு 246 கன அடி, 0.015 வைத்தால் 213. ‘கட்டையால் தேய்த்த’ என்று கேள்வியில் இருந்த சொல்லைத் தாண்டி ஓடியவர், கால்வாயில் இல்லாத 33 கன அடியைத் தாளில் ஓடவிடுகிறார்.

“80 கேள்வி, 8 மணி நேரம். ஒன்றுக்கு 6 நிமிடம்தான். யோசிக்க ஏது நேரம்?” என்பார்கள். நியாயம்தான். கேள்வியே கெழுவைக் கொடுத்தால் மறுபேச்சில்லாமல் அதையே போடுங்கள். கொடுக்காவிட்டால், புதியதா பழையதா, நேரா வளைவா, புல் மண்டியதா என்று படித்துப் பார்க்கப் பத்து நொடி போதும். 2022 முதல் தேர்வு கணினியில். தேர்வுக் கையேடும் திரையிலேயே இருக்கிறது. மனப்பாடத்துக்கு அங்கே என்ன வேலை?

நடு எண் பாதுகாப்பானது என்பதுதான் இதில் பெரிய ஏமாற்று. எதிலிருந்து பாதுகாப்பு? புல் விதைத்த வடிகாலைப் பாருங்கள். விதைத்த புதிதில் தடுக்க ஒன்றுமில்லை. தண்ணீர் வேகமெடுத்து மண்ணை அரிக்கும். அதைச் சோதிக்கச் சின்னக் கெழு வேண்டும். புல் முழங்கால் உயரம் வளர்ந்தபின் தண்ணீர் தயங்கி, மட்டம் ஏறி, கரை வழியும். அதைச் சோதிக்கப் பெரிய கெழு வேண்டும். ஒரே வடிகாலுக்கு இரண்டு கணக்கு. நடு எண் இரண்டு ஆபத்தையும் காட்டாது.

0.013 மேல் எனக்குப் பகையில்லை. புது பிளாஸ்டிக் குழாய் அதைவிட வழவழப்பு. ஆனாலும் அமெரிக்காவின் பல மாநிலங்களில் சாக்கடைக் குழாயின் சரிவை 0.013 வைத்தே கணக்கிடச் சொல்கிறார்கள்; நாளடைவில் உள்ளே பிசுபிசுப்பான படலமும் கசடும் படியும், இணைப்புகளும் தடுக்கும். காரணத்தோடு வந்த எண் அது.

ஏன் இந்தக் கெழு என்று நாளை ஒருவர் கேட்டால், முத்திரை குத்தியவர் “நடுவில் இருந்தது” என்றா பதில் சொல்வார்?