"தகுதியானவர் கிடைக்கவில்லை": இந்தப் பதிலை நாம் எங்கோ கேட்டிருக்கிறோம்

சில மாதங்களுக்கு முன் ஒரு கூட்டத்துக்கான அறிவிப்பை வழக்கம்போலப் படமாக வடிவமைத்து வாட்ஸ்அப் குழுக்களில் பகிர்ந்தோம். நீல வண்ணம், அண்ணல் படம், பெரிய எழுத்து. மறுநாள் ஒரு தோழர் அழைத்தார். முதுகலையும் பி.எட்.டும் முடித்தவர். சேரியில் பிறந்தவர். பிறவியிலேயே பார்வையற்றவர். "அண்ணா, என் போன் அதை 'படம்'னு மட்டும்தான் வாசிச்சுது. என்னைக்கு, எங்கேன்னு சொல்லுங்க" என்றார்.

அவர் கோபப்படவில்லை. பழகிப்போன குரலில் கேட்டார். இத்தனை ஆண்டுகளில் எங்களுடைய எத்தனை அறிவிப்புகள் அவருக்கு வெறும் 'படம்' ஆகப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நாங்கள் ஒருமுறைகூட யோசித்ததில்லை. அவர் இன்று கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலில் கடலை மிட்டாயும் அடையாள அட்டை உறையும் விற்கிறார்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். அவர்களில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50 லட்சம். மொத்த மக்கள்தொகையில் மாற்றுத்திறனாளிகள் 2.21%, பட்டியல் சாதியினரில் மட்டும் பார்த்தால் 2.45%. இந்த இடைவெளிக்கு முன்வினை காரணம் அல்ல. நம் நாட்டில் 50 வயதைக் கடந்தவர்கள் பார்வை இழக்க முதன்மைக் காரணம், உரிய நேரத்தில் அறுவை செய்யப்படாத கண்புரை. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போக முடியாதவர்கள் யார், கல் உடைக்கும் இடத்திலும் பட்டாசு ஆலையிலும் கண்ணைப் பணயம் வைப்பவர்கள் யார் என்று கேட்டால் விடை நம் தெருவுக்குத்தான் வரும்.

படித்து மேலே வருபவருக்கு அடுத்த தடை தேர்வறை. சொல்வதைக் கேட்டு எழுத ஓர் உதவியாளர் வேண்டும். 2018-இல் ஒன்றிய அரசு வெளியிட்ட நெறிமுறை மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் தந்தது. சொந்தமாக உதவியாளரை அழைத்து வரவும் அனுமதித்தது. ஆனால் அந்த உதவியாளர் எங்கிருந்து வருவார்? நகரத்து நடுத்தர வர்க்க வீட்டில் அத்தை மகனோ பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவியோ இருப்பார்கள். குடும்பத்தில் முதல் தலைமுறையாகப் படித்தவர், சரளமாக எழுதத் தெரிந்த, அன்றைக்கு ஓய்வாக இருக்கிற ஒருவரை எங்கே தேடுவார்? நம் தோழர் ஒரு தேர்வுக்குப் போனபோது, வருவதாகச் சொன்னவர் காலையில் போனை எடுக்கவில்லை. ஓராண்டு உழைப்பு தேர்வறை வாசலிலேயே முடிந்தது. சமூக மூலதனம் என்று சமூகவியல் வகுப்பில் நாம் படித்தது இதைத்தான்.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். 1995-இல் வந்த சட்டம் 3% ஒதுக்கியது. அதை எப்படிக் கணக்கிடுவது என்பதற்கே 2013 வரை உச்ச நீதிமன்றத்தில் வழக்காட வேண்டியிருந்தது. 2016 சட்டம் அரசுப் பணியில் 4% தருகிறது. அதில் 1% பார்வையற்றோருக்கும் குறைபார்வை உடையோருக்கும். அதே சட்டத்தின் 34-ஆம் பிரிவில் இன்னொன்றும் உண்டு. தகுந்த ஆள் கிடைக்காவிட்டால் இடம் அடுத்த ஆண்டுக்குப் போகும். அப்போதும் கிடைக்காவிட்டால் வேறு வகை மாற்றுத்திறனாளிக்குப் போகலாம். அவர்களிலும் ஆள் இல்லையென்றால் மாற்றுத்திறனாளி அல்லாதவரைக் கொண்டு நிரப்பலாம்.

"தகுதியானவர் கிடைக்கவில்லை." பல்கலைக்கழகப் பேராசிரியர் பணியிடங்களில் பட்டியல் சாதியினருக்கான இடங்கள் காலியாகக் கிடக்கும்போது நமக்குச் சொல்லப்படும் அதே பதில். அதைக் கேட்டால் நமக்கு எரிகிறது. பார்வையற்றவரிடம் சொல்லப்படும்போதும் எரிய வேண்டாமா?

இரண்டும் ஒரே உடலில் சேரும்போது சிக்கல் கூடுகிறது. சாதி அடிப்படையிலான ஒதுக்கீடு செங்குத்தானது, மாற்றுத்திறனாளி ஒதுக்கீடு கிடைமட்டமானது என்று 1992 மண்டல் தீர்ப்பு விளக்கியது. ஒன்றிய அரசுப் பணிகளில் பார்வையற்றோருக்கான 1% எந்தச் சாதிக்கு எத்தனை என்று பிரிக்கப்படுவதில்லை. தேர்வானவர் எந்தப் பிரிவைச் சேர்ந்தவரோ அந்தப் பிரிவின் கணக்கில் வைக்கப்படுகிறார். அப்படியானால் அந்த 1%-க்குள் வருகிறவர்கள் யார்? நல்ல சிறப்புப் பள்ளி, பயிற்சி மையம், திரைவாசிப்பான் உள்ள கணினி எல்லாம் கிடைத்தவர்கள் எத்தனை பேர், சேரியிலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர்? ஒவ்வொரு துறையும் இந்தக் கணக்கைச் சாதிவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்பது நம் கோரிக்கையாக வேண்டும்.

பார்வையற்றவருக்கு என்ன வேலை என்றால் நாற்காலி பின்னுவது, பாட்டுச் சொல்லித் தருவது, தொலைபேசி எடுப்பது என்று சமூகம் முன்பே முடிவு செய்துவைத்திருக்கிறது. பிறப்பைப் பார்த்துத் தொழிலை ஒதுக்கும் இந்தப் பழக்கத்தை நாம் அறிவோம். சென்னையைச் சேர்ந்த பெனோ ஜெபைன் 2015-இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். பார்வையற்றவர் என்பதற்காக ஒருவருக்கு நீதித்துறைப் பணியை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 மார்ச் 3 அன்று சொன்னது. கொண்டாட வேண்டியவைதான். ஆனால் ஒருவர் படத்தைக் காட்டி ரயிலில் விற்கும் நூறு பட்டதாரிகளை மறைக்க விடக் கூடாது.

வேலை கிடைத்தாலும் வீடு கிடைப்பதில்லை. நம் தோழர் வாடகைக்கு வீடு தேடியபோது முதல் கேள்வி, "கேஸ் அடுப்பை எப்படிப்பா பத்த வைப்ப?" அதற்குப் பதில் சொன்னதும் அடுத்த கேள்வி, "சொந்த ஊர் எது? ஊர்ல எந்தத் தெரு?" இரண்டில் எதற்காக வீடு மறுக்கப்பட்டது என்று அவரால் நிரூபிக்க முடியாது.

பெண்ணாகவும் இருந்தால்? ஆந்திராவில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பார்வையற்ற இளம்பெண் ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான வழக்கில் 2021 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாதி, பாலினம், மாற்றுத்திறன் மூன்றும் பின்னிப் பிணைந்து ஒடுக்குவதை அந்தத் தீர்ப்பு விரிவாகப் பேசியது. பார்வையற்றவர் குரலை வைத்து அடையாளம் காட்டும் சாட்சியம் எந்த வகையிலும் தாழ்ந்ததல்ல என்றது. ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழான தண்டனையை, சாதியின் காரணமாகவே குற்றம் நடந்ததற்குச் சான்று இல்லை என்று நீக்கியது. 2016-இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அந்தச் சட்ட வாசகத்தை மாற்றிவிட்டது. சாதி தெரிந்திருந்தாலே போதும். குற்றம் அதற்கு முன்பே நடந்திருந்ததால் அந்தப் பெண்ணுக்கு அது உதவவில்லை.

கோரிக்கைகள் அரசுக்கு. வேலை நமக்கும் இருக்கிறது. எங்கள் குழுவில் மூன்று முடிவுகள் எடுத்தோம். எந்த அறிவிப்பையும் படத்தோடு எழுத்தாகவும் அனுப்புவோம். படிப்பு வட்டத்துக்கு ஸ்கேன் செய்த பிடிஎஃப் கொடுக்க மாட்டோம்; திரைவாசிப்பான் வாசிக்கக்கூடிய கோப்பாக மாற்றித் தருவோம், முடியாவிட்டால் ஒருவர் வாசித்துக் குரல் பதிவாக அனுப்புவோம். தேர்வு எழுதித் தர விதிமுறைக்குப் பொருந்தும் மாணவர்களின் பட்டியலை ஊர்வாரியாகத் தயாரிப்போம். இதுவரை 14 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

கல்லூரியில் படிக்கும் தோழர்களே, உங்கள் விடுதியில் நான்கு பேர் சேர்ந்தால் இன்னொரு பட்டியல் உருவாகும். பெயர் கொடுப்பவர் தேர்வு நாளன்று காலையில் போனை எடுப்பவராக இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

நம் தோழர் அடுத்த தேர்வுக்கு விண்ணப்பித்திருக்கிறார். அவரோடு போகப்போகிற மாணவர் இப்போதே வாரம் ஒருமுறை அவருடன் உட்கார்ந்து எழுதிப் பழகுகிறார்.