திரும்பி வந்தால் காசு உண்டா?

விருத்தாசலத்தில் நண்பர் வீட்டுக் கல்யாணம். பந்தியில் எனக்கு ஒரு பக்கம் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் இளைஞர். மறுபக்கம், செராமிக் தொழிற்பேட்டையில் பல வருஷம் சூளை பார்த்த பெரியவர்.

'ஏப்ரல்ல இமயமலைக்கு டிரெக்கிங் போறேன் சார். பணம் கட்டியாச்சு' என்றார் இளைஞர்.

பனிச்சரிவு பயமில்லையா என்று கேட்டேன்.

'அதெல்லாம் குளிர் காலத்துல சார். இப்பதான் வெயில் வந்தாச்சே!'

பெரியவர் பாயசத்தைக் கீழே வைத்தார். 'தம்பி, தீ அணைஞ்சுடுச்சேன்னு உடனே சூளையைத் திறந்தா உள்ள இருக்கிற பொம்மையெல்லாம் விரிசல் விட்டுடும். அணைஞ்ச பிறகுதான் பொறுமை வேணும்' என்றார்.

அவர் பனியைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் விஷயத்தைப் பிடித்துவிட்டார். குளிர் போனால் ஆபத்தும் போய்விடும் என்பது நம் சமவெளிக் கணக்கு. மலையில் நடப்பது வேறு. பகல் வெயிலில் பனி உருகி, தண்ணீர் அடுக்குகளுக்கு நடுவே இறங்குகிறது. பிடிப்பு விட்டுப்போகிறது. இரவில் உறைந்து இறுகிய சரிவு, மதியம் சோற்றுக் கஞ்சி மாதிரி ஆகிவிடும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் விடியுமுன்பே டார்ச்சோடு கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் செங்குத்தான சரிவுகளைத் தாண்டிவிடுகிறார்கள். 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகள்தான் அதிக ஆபத்து. புதைந்தவரை முதல் பத்து, பதினைந்து நிமிடங்களுக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார். ஹெலிகாப்டர் வரும்வரை மரணம் காத்திருக்காது. கூட இருப்பவர்களிடம் சிக்னல் கருவி, குத்திப் பார்க்கும் கம்பி, மண்வாரி மூன்றும் இருந்தால்தான் உண்டு.

2023 ஏப்ரல் 4. சிக்கிமில் நாதுலா செல்லும் சாலையில் பனிச்சரிவு. சுற்றுலா வந்த 7 பேர் இறந்தார்கள். பாஸ் கொடுத்தது 13-வது மைல் வரைக்கும்தான். சரிவு நடந்தது 15-வது மைலில் என்றார்கள் அதிகாரிகள்.

'நம்ம ஊர்ல ஏது பனி?' என்பீர்கள். பனி இல்லை, காய்ந்த புல் இருக்கிறதே! 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீ. சென்னை, ஈரோடு, திருப்பூரிலிருந்து போனவர்களில் 23 பேரை இழந்தோம். அங்கே ஈரம் ஏறிய பனி, இங்கே ஈரம் வற்றிய புல். இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே பருவம்.

இறந்தவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களைக் கூட்டிப்போகும் ஏற்பாட்டைத்தான் கேட்கிறேன். பயணத் தேதியை யார் முடிவு செய்கிறார்கள்? மலையா? இல்லை. நம் ஆபீஸ் லீவும், பள்ளிக்கூட லீவும், கட்டிய அட்வான்ஸும்! 'இன்னிக்கு வேண்டாம், திரும்பிடலாம்' என்று சொல்லும் உள்ளூர் வழிகாட்டிக்கு என்ன கிடைக்கும்? நம்மிடம் திட்டு. அடுத்த வாரம் அவருக்கு வேலை இருக்குமா என்பதும் சந்தேகம். உண்மை சொன்னால் கூலி போகும் என்றால் யார் சொல்வார்?

உடனே 'தடை போடு' என்று கிளம்புவோம். குரங்கணிக்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்ற விதிகள் வந்தன. நல்லதுதான். ஆனால் பாஸ் என்பது வெறும் காகிதம். சரிவின் அடியில் நிற்கும்போது 'போதும், திரும்பு' என்று அது பேசாது. மனிதர்தான் பேச வேண்டும். அவர் பேசுவதற்கு நாம்தான் இடம் கொடுக்க வேண்டும்.

ஆகவே, இந்தக் கோடையில் மலைக்குப் பணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். சண்டிகரில் உள்ள டி.ஜி.ஆர்.இ. என்ற ராணுவ ஆய்வு நிறுவனத்தின் பனிச்சரிவு எச்சரிக்கையைத் தினமும் பார்ப்பீர்களா? திரும்பலாம் என்று முடிவெடுக்கும் அதிகாரம் யாருக்கு? பாதியில் திரும்பினாலும் வழிகாட்டிக்கு முழுக் கூலி உண்டா?

பதில் மழுப்பலாக வந்தால் அட்வான்ஸை எடுத்துக்கொண்டு வீடு வந்து சேருங்கள். உச்சிக்குப் போகாமல் திரும்பியவரைப் பார்த்துச் சிரிக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

சூளையை ஒரு நாள் தாமதமாகத் திறந்த பெரியவரை விருத்தாசலத்தில் யாரும் கோழை என்று சொல்லவில்லை. தொழில் தெரிந்தவர் என்றுதான் சொன்னார்கள்.