பரீட்சையா, விளம்பரமா?

பெண் பார்க்கப் போனவனுக்குத் தங்கையைக் காட்டி, மணவறையில் அக்காளை உட்கார்த்துகிற கதை நமக்குப் பழசு. ஆஸ்திரேலியாவில் கார்ப் பந்தயத்தில் அதை நடத்தினார்கள்.

1960-ல் பிலிப் தீவில் 500 மைல் பந்தயம் தொடங்கியபோது அதன் தர்மம் எளியது: கடையில் விற்கும் கார் அப்படியே ஓட வேண்டும், எது உழைக்கும், எது உடையும் என்று வாங்குகிறவன் கண்ணாரக் காணட்டும். முதலில் உடைந்தது பாதைதான்! 1963-ல் பந்தயம் பாதர்ஸ்ட் மலைக்குப் போயிற்று. அடுத்து உடைந்தது தர்மம். 1965-ல் வென்ற கார்ட்டினா ஜி.டி. 500, பெட்ரோல் கூடுதலாகக் கொள்ளும்படி, பந்தயத்துக்கென்றே சொற்பமாகச் செய்த வண்டி. சட்டப்படி அதுவும் கடைச் சரக்குத்தானாம்!

வேகத்தோடு எனக்குச் சண்டையில்லை. வெல்வது ஒரு வண்டி. அந்தப் பெயரை நம்பிக் குடும்பஸ்தன் பணம் கட்டுவது வேறொரு வண்டி. இதைப் பரீட்சை என்னாதீர்கள், விளம்பரம் என்று சொல்லுங்கள் என்பதே என் கட்சி.