கேன்டீன் பெஞ்ச்: கத்தலாம்... ஆனா இந்த பார்க்ல மட்டும்!

இந்த வாரம் ஒரு குட்டி குவிஸ்ல ஆரம்பிப்போம். 'பூங்காவில் நின்னு பொதுமக்கள் முன்னாடி தமிழில் பேசலாம்' என்று விதிமுறையிலேயே எழுதி வைத்திருக்கிற ஊர் எது? மதுரை? கோவை? யாழ்ப்பாணம்? மூணுமே தப்பு பாஸ். சிங்கப்பூர்!

அங்கே ஹாங் லிம் பார்க் என்று ஒரு பூங்கா இருக்கிறது. கிளார்க் கீ மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்திலேயே. மொத்தமே ஒரு ஹெக்டேருக்கும் கொஞ்சம் குறைவு. நம்மில் பல பேரோட காலேஜ் கிரவுண்டு இதைவிடப் பெருசா இருக்கும். இந்த பார்க்கில்தான் 'ஸ்பீக்கர்ஸ் கார்னர்' இருக்கிறது. இங்கே பேசுகிறவர் மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் ஆகிய நாலு ஆட்சி மொழிகளில் ஒன்றிலோ, அவற்றைச் சேர்ந்த வட்டார மொழியிலோ பேசணும். 'பார்த்தியா, நம்ம தமிழுக்கு அங்கேயும் இடம்!' என்று காலரைத் தூக்கிவிட்டுக்கலாம். ஆனா மிச்ச விதிகளையும் படிச்சா காலர் தானா இறங்கிடும்.

அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. போராட்டத்துக்கும் பார்க்குக்கும் என்ன சம்பந்தம்? பார்க்னா வாக்கிங், பஞ்சு மிட்டாய், லவ்வர்ஸ், செக்யூரிட்டி விசில். இவ்வளவுதானே?

அப்படி இல்லை. 1866ல் லண்டனில் 'ஓட்டுரிமையை விரிவுபடுத்து' என்று கேட்டு ரிஃபார்ம் லீக் என்ற அமைப்பு ஹைட் பார்க்கில் கூட்டம் அறிவித்தது. அரசு தடை போட்டு பார்க் கேட்டை இழுத்துப் பூட்டியது. வந்த கூட்டம் இரும்பு வேலியையே சாய்த்துவிட்டு உள்ளே போயிடுச்சு. அடுத்த வருஷம் 1867 மே மாதத்தில், தடையை மீறி மறுபடியும் அதே பார்க்கில் கூட்டம். அரசால் தடுக்க முடியவில்லை. கடைசியில் 1872ல் பூங்காக்களுக்கென்று ஒரு சட்டம் வந்து, கூட்டங்களுக்கு முறைப்படி இடம் கிடைத்தது. இன்னைக்கும் ஹைட் பார்க்கின் ஒரு மூலையில் ஸ்பீக்கர்ஸ் கார்னர் இருக்கிறது. அங்கே ஜனங்க முதல்ல வந்தாங்க, சட்டம் பின்னாடி வந்தது.

சிங்கப்பூர் ஸ்பீக்கர்ஸ் கார்னருக்கு இதுதான் மாடல். ஆனா அங்கே யாரும் வேலியை உடைக்கவில்லை. கோ சோக் டோங் பிரதமராக இருந்தபோது, 2000 செப்டம்பர் 1 அன்று அரசாங்கமே திறந்து வைத்தது. ஆரம்பத்தில் பக்கத்து போலீஸ் போஸ்டில் பேர் பதிவு பண்ணணும். காலை 7 முதல் மாலை 7 வரை பேசலாம். மைக் கிடையாது! தொண்டைதான் ஸ்பீக்கர். 2008 செப்டம்பரில் விதிகளைத் தளர்த்தினார்கள். பேச்சு மட்டுமில்லை, ஆர்ப்பாட்டமும் பண்ணலாம் என்றார்கள். பொறுப்பு தேசியப் பூங்கா வாரியத்தின் கைக்கு வந்தது. ஆன்லைனில் பதிவு. காலை 9 முதல் இரவு 10.30 வரை மைக்கும் ஓகே.

நான் படிக்கிறது இன்ஜினீயரிங். எந்த விதியையும் ஃப்ளோசார்ட்டா போட்டாதான் எனக்கு மண்டையில் ஏறும். போட்டுப் பார்த்தேன்.

நீங்க சிங்கப்பூர் குடிமகனா? ஆமாம்னா, ஏற்பாடு பண்ணலாம், பேசலாம். நிரந்தரவாசியா? ஆர்ப்பாட்டத்தில் கலந்துக்கலாம், ஏற்பாடு பண்ண முடியாது. வெளிநாட்டுக்காரரா? போலீஸ் பெர்மிட் இல்லாமல் கலந்துக்கவே கூடாது. அடுத்த கட்டம்: பேசப்போறது மதம் பற்றியா? இனங்களுக்கு நடுவே பகை மூட்டுவதா? ரெண்டில் எதுவா இருந்தாலும் ஸ்டாப். கடைசிக் கட்டம்: பார்க்குக்கு உள்ளேயா, வெளியேயா? உள்ளேன்னா பதிவு பண்ணினா போதும். வெளியேன்னா போலீஸ் பெர்மிட். 2009ல் வந்த பொது ஒழுங்குச் சட்டப்படி ஒரே ஒரு ஆள் அட்டை பிடித்து நின்றாலும் அது 'கூட்டம்'தான். ஒன்று என்றால் கூட்டம்! எங்க மேத்ஸ் சார்கூட இந்தத் தேற்றத்தை ஒத்துக்க மாட்டார்.

இது ஜோக் இல்லை. ஜொலோவன் வாம் என்ற சமூக ஆர்வலர் 2018ல் அங்கே நீதிமன்றத்துக்கு வெளியே தன்னந்தனியா ஓர் அட்டையைப் பிடித்து போட்டோ எடுத்துக்கொண்டார். சில நொடி வேலை. 2022 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது: 3,000 சிங்கப்பூர் டாலர் அபராதம்.

எங்க ஹாஸ்டலில்கூட இதே லாஜிக்தான் ஓடும். மெஸ் சாம்பார் சரியில்லைன்னு நாலு பேராப் போனா, 'கும்பல் சேராதீங்க' என்பார்கள். ஒருத்தன் மட்டும் போனா, 'உனக்கு மட்டும்தான் பிரச்னையா?' என்பார்கள். ஆக, எத்தனை பேர் போனா கரெக்ட் என்பது கடைசி செமஸ்டர் வரைக்கும் தெரியாது!

சரி, சிங்கப்பூரைக் கிண்டல் மட்டும் பண்ணினா நியாயமில்லை. அந்தச் சின்ன புல்வெளியில் நிஜமாவே பெரிய விஷயங்கள் நடந்திருக்கு. 2013 பிப்ரவரியில், 2030க்குள் மக்கள்தொகை 69 லட்சம் வரை போகலாம் என்ற அரசு அறிக்கையை எதிர்த்து ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே திரண்டார்கள். 2009 முதல் 'பிங்க் டாட்' என்ற பெயரில், பால்புதுமையினர் உரிமைக்காக மக்கள் பிங்க் கலர் டிரஸ்ஸில் அங்கே கூடுகிறார்கள். இன்னொரு ப்ளஸ், விதி எழுத்தில் இருக்கு. யார், எங்கே, எத்தனை மணி வரை என்பது பத்து நிமிஷத்தில் புரிஞ்சிடும். இன்ஸ்பெக்டர் மூடு எப்படி என்று எட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

அப்போ பிரச்னை எங்கே? விதியை எழுதுகிறவர் கையில் ஸ்விட்சும் இருக்கே, அங்கே.

2016, 2017ல் விதிகள் இறுகின. 'சும்மா வேடிக்கை பார்க்கிறேன்' என்று வெளிநாட்டுக்காரர் ஓரமா நின்றாலும் அவர் கலந்துகொண்டவராகவே கருதப்படுவார் என்ற நிலை வந்தது. 2017 பிங்க் டாட்டுக்கு ஏற்பாட்டாளர்களே பார்க்கைச் சுற்றித் தடுப்பு போட்டு, சுமார் 20,000 பேரை அடையாள அட்டை பார்த்து உள்ளே விட்டார்கள். பொதுப் பூங்காவுக்குள் போக ஐடி கார்டு! அதுக்கு முன்னாடி 2015 மார்ச்சில் லீ குவான் யூ மறைந்தபோது, அஞ்சலி செலுத்தும் இடமாக பார்க் மாறியது. அந்த நாட்களில் பெர்மிட் இல்லாமல் பேசும் சலுகை நிறுத்தி வைக்கப்பட்டது. கொரோனாவுக்காக 2020ல் மூடிய ஸ்பீக்கர்ஸ் கார்னர் 2022 மார்ச்சில்தான் திரும்பத் திறந்தது. வேறு எங்கேயும் பெர்மிட் இல்லாமல் நிற்க முடியாத ஊரில், அந்த ஒரே கதவும் மூடினால் எங்கே போறது?

திறந்த அடுத்த மாசமே நடந்தது மனசை அறுக்கிற ஒரு கூட்டம். போதைப்பொருள் வழக்கில் மரண தண்டனை பெற்ற நாகேந்திரன் தர்மலிங்கம், மலேசியத் தமிழர். 2022 ஏப்ரல் 25 இரவு ஹாங் லிம் பார்க்கில் நூற்றுக்கணக்கானவர்கள் மெழுகுவத்தி ஏந்தி, 'தூக்கில் போடாதீர்கள்' என்று கேட்டார்கள். ரெண்டே நாளில், 27ம் தேதி தண்டனை நிறைவேறியது. தண்டனை சரியா தப்பா என்பது தனி விவாதம். நான் சொல்ல வந்தது வேற. நம்ம ஃப்ளோசார்ட்டை எடுத்துப் பாருங்க. அவர் மலேசியர். அவர் ஊர்க்காரர் யாராவது வந்து அந்தப் புல்வெளியில் ஒரு மெழுகுவத்தி பிடிக்கணும்னா, அதுக்கும் போலீஸ் பெர்மிட் வேணும். தமிழுக்கு இடம் இருந்த பார்க்கில், இந்தத் தமிழருக்காக அழ வந்த வெளிநாட்டுச் சொந்தத்துக்கு விதியில் இடம் இல்லை.

'அது வெளிநாடு பாஸ், நமக்கென்ன' என்று எஸ்கேப் ஆக முடியாது. நம்ம மெரினாவைப் பாருங்க. சுதந்திரப் போராட்டக் காலத்தில் திலகர் கட்டம் என்றாலே பொதுக்கூட்டம்தான். 2017 ஜனவரி 17 முதல் 23 வரை ஜல்லிக்கட்டுக்காக நம்ம செட்டே அங்கேதான் உட்கார்ந்திருந்தது. கடைசி நாள் போலீஸ் எப்படிக் கலைத்தது என்பதும் ஊருக்கே தெரியும். அடுத்த வருஷம் விவசாயிகள் தலைவர் அய்யாக்கண்ணு, காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு மெரினாவில் 90 நாள் உண்ணாவிரதம் இருக்க அனுமதி கேட்டார். 2018 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒரே ஒரு நாளுக்கு அனுமதி கொடுத்தார். அரசு அப்பீல் போனது. செப்டம்பரில் அந்த ஒரு நாளும் ரத்து. 'மெரினா ஜனங்க காற்று வாங்க வர்ற இடம், போராட வேற இடங்கள் இருக்கு' என்பதுதான் அரசுத் தரப்பு வாதத்தின் சாரம்.

பக்கத்து பெங்களூரு கதை இன்னும் சுவாரஸ்யம். ஊர் நடுவில் இருந்த பழைய சென்ட்ரல் ஜெயிலை 2008ல் 'ஃப்ரீடம் பார்க்' ஆக்கினார்கள். எமர்ஜென்சியில் வாஜ்பாயும் அத்வானியும் அடைபட்டிருந்த அதே ஜெயில். பார்க்கின் ஒரு பகுதியைப் போராட்டங்களுக்கு என்றே ஒதுக்கினார்கள். நல்ல ஐடியாதானே? ஆனா 2021ல் வந்த உத்தரவு, நகருக்குள் போராட்டம்னா ஃப்ரீடம் பார்க்கில் மட்டும்தான் என்று சொல்லிவிட்டது. 'இங்கேயும் பண்ணலாம்' என்பது 'இங்கே மட்டும் பண்ணலாம்' ஆக மாறியது. ஒரே ஒரு சொல்தான் மாறியிருக்கு. அந்த ஒரு சொல்லில் ஊர் முழுக்க க்ளோஸ்!

எதிர்த்தரப்பு பாயின்ட்டையும் கேட்கணும். ஆம்புலன்ஸ் மாட்டக் கூடாது. வாக்கிங் வர்ற தாத்தா பாட்டிக்கும், குழந்தைகளுக்கும் பார்க் வேணும். டெல்லி ஜந்தர் மந்தர் பக்கத்தில் குடியிருந்தவர்கள் மைக் சத்தம் தாங்காமல்தான் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். 2017ல் அங்கே போராட்டங்களுக்குத் தடை வந்தது. 2018 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் என்ன சொன்னது? முழுத் தடை கூடாது, விதிமுறை வகுத்து அனுமதியுங்கள் என்றது. இன்னும் பின்னாடி போனால், 1969ல் அகமதாபாத்தில் ஹிமத்லால் ஷா என்பவர் ஒரு மாணவர் அமைப்பின் கூட்டத்துக்குப் பொதுத் தெருவில் இடம் கேட்டு, போலீஸ் மறுத்த வழக்கு. 1972ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மையாகச் சொன்னது: கூட்டத்தை ஒழுங்குபடுத்தலாம், ஆனா எந்த அளவுகோலும் இல்லாமல் அதிகாரி இஷ்டப்படி மறுக்க விடும் விதி செல்லாது.

ஆக, விதியே வேண்டாம் என்று நான் கொடி பிடிக்கவில்லை. மைக் நேரம் இருக்கட்டும், குப்பையை அள்ளிட்டுப் போகச் சொல்லட்டும், ஆம்புலன்ஸுக்கு வழி விடச் சொல்லட்டும். ஆனா எந்த ஊரில் 'போராட்டப் பூங்கா' திறந்தாலும் நாலு கேள்வி கேட்போம்.

ஒண்ணு, இது கூடுதல் இடமா, ஒரே இடமா? ரெண்டு, நாம கேட்கிற கேள்வி கேட்கப்பட வேண்டியவர் காதில் விழுகிற தூரத்தில் இருக்கா? மூணு, மறுத்தால் காரணத்தை எழுத்தில், கோர்ட்டுக்குப் போக அவகாசம் இருக்கிற மாதிரி முன்கூட்டியே தருவாங்களா? நாலு, நாளைக்கே இந்த இடத்தைப் பூட்டினால் அடுத்த இடம் எது?

முதல் கேள்விக்கு 'கூடுதல் இடம்' என்று பதில் வந்தால், அந்தப் பூங்காவுக்கு நானே போய் ஒரு மரக்கன்று நட்டுட்டு வர்றேன். 'ஒரே இடம்' என்றால், சாரி பாஸ்... அது சுத்தி வேலி போட்ட சுதந்திரம்.

உங்க ஊரில் கூட்டம் போட அனுமதி தர்ற இடம் எதுன்னு உங்களுக்குத் தெரியுமா? இந்த வாரம் விசாரிச்சு வைங்க. அடுத்த வாரம் அதே பெஞ்ச்ல மீட் பண்ணுவோம்!